பிக்கல்பால்: பூப்பந்து பழகிய கை எங்கே தடுமாறுகிறது?

பூப்பந்து மண்டபத்தில் இரவு எட்டு மணிக்கு இடம் கேட்டால், “பூப்பந்துக்கா, பிக்கல்பாலுக்கா?” என்று திருப்பிக் கேட்கும் காலம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்துவிட்டது. பெட்டாலிங் ஜெயா, சுபாங், பூச்சோங், ஷா ஆலாம் எனப் பல இடங்களில் பழைய கிடங்குகளும் கார் நிறுத்துமிடங்களும் நீலமும் பச்சையும் பூசிக்கொண்டு பிக்கல்பால் களங்களாகிவிட்டன. 2025-இல் அமெரிக்காவின் பிபிஏ டூர் ஆசியாவில் கால்வைத்தபோது, பரிசுப் பணத்துடன் கூடிய போட்டி மலேசியாவிலும் நடந்தது. அதே ஆண்டில், வீடமைப்புப் பகுதிகளில் பந்துச் சத்தம் தாங்க முடியவில்லை என்ற புகார்களும் கிளம்பின.

நம் மக்களும் இதில் இறங்கிவிட்டார்கள். இறங்கியவர்களில் பெரும்பாலோர் பூப்பந்து ஆடிப் பழகியவர்கள். அதனால் முதல் சில வாரங்களில் மற்றவர்களைவிட வேகமாகத் தேறுகிறார்கள். கண் பார்க்கிறது, கை ஓடுகிறது, கால் நகர்கிறது. ஆனால் சில மாதங்களில் முன்னேற்றம் நின்றுவிடுகிறது. டென்னிஸ் ஆடியவரோ, எந்த விளையாட்டும் ஆடாமல் முறையாகப் பயிற்சி எடுத்த ஐம்பது வயது அம்மாவோ எளிதாக வெல்கிறார். அடி பலமாகத்தான் இருக்கிறது, பந்துதான் வெளியே போகிறது. அல்லது வலைக்கு முன்னால் தவறான இடத்தில் கால் வைத்துப் புள்ளியை இழக்கிறார்கள்.

இதற்கு மட்டையைக் குறை சொல்லி, பல நூறு வெள்ளி கொடுத்து வேறு மட்டை வாங்குபவர்கள் உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் வீண். சிக்கல் மட்டையில் இல்லை. பூப்பந்தில் வெற்றி தந்த அதே பழக்கங்கள்தான் இங்கே தோல்வியைத் தருகின்றன. அவற்றை அடையாளம் கண்டு மாற்றிக்கொண்டால், நம் பிள்ளைகளின் பூப்பந்துக் கை இந்த விளையாட்டில் பெரிய சொத்தாகும். செரம்பானில் பிறந்த பஞ்ச் குணாளன் 1971-இல் இங் பூன் பீயுடன் ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். கிள்ளானில் பிறந்த எம். தீனா, பெர்லி டானுடன் 2025 பாரிஸ் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இந்தப் பரம்பரையில் வந்த கைகளுக்குத் திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

ஊறுகாயும் குசினியும்

பெயரைக் கேட்டால் ஊறுகாய் நினைவுக்கு வரலாம். ஆனால் இது 1965-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் சலித்துப்போன பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்ட விளையாட்டு. ஜோயல் பிரிட்சார்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் வீட்டிலிருந்த பழைய பூப்பந்துக் களத்தில்தான் அதைத் தொடங்கினார்கள். அதனால்தான் இன்றும் பிக்கல்பால் களத்தின் அளவு பூப்பந்து இரட்டையர் களத்தின் அளவேதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம்.

வேறுபாடு வலையில் இருக்கிறது. பூப்பந்து வலை நடுவில் 5 அடி உயரம். பிக்கல்பால் வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். வலையின் இருபுறமும் 7 அடி தூரம் வரை உள்ள பகுதிக்கு ‘கிச்சன்’ என்று பெயர். நம் பேச்சில் குசினி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குசினிக்குள் நின்றுகொண்டு, தரையில் விழாத பந்தை அடிக்கக் கூடாது. கோட்டை மிதித்தாலும் தவறு. விழுந்து எழும்பிய பந்தை மட்டும் உள்ளே போய் அடிக்கலாம்.

இன்னொரு விதி: சர்வீஸ் பந்து எதிராளியின் பக்கம் ஒரு முறை தரையில் விழ வேண்டும். அவர் திருப்பி அடிக்கும் பந்தும் சர்வீஸ் போட்ட பக்கத்தில் ஒரு முறை விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்தை விழவிடாமல் அடிக்கும் உரிமை வருகிறது. ஆட்டத்தின் வியூகம் முழுவதும் இந்த இரண்டு விதிகளிலிருந்து பிறக்கிறது.

புள்ளிக் கணக்கு இளையவர்களைக் குழப்பும், மூத்தவர்களைக் குழப்பாது. சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி. இரட்டையரில் ஒருவர் சர்வீஸை இழந்தால் அடுத்தவர் போடுவார். ஆட்டத்தைத் தொடங்கும் அணிக்கு மட்டும் முதல் முறை ஒரே ஆள்தான். 2006-க்கு முன் 15 புள்ளி முறையில் பூப்பந்து ஆடியவர்களுக்கு இது அப்படியே பழைய கணக்கு. தோட்டத்துக் களத்தில் ‘செகண்ட் ஹேண்ட்’ என்று கத்திய தலைமுறை இங்கே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பொதுவாக 11 புள்ளி, இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி.

மூன்றாவது அடியில் தீரும் கணக்கு

சர்வீஸ் போடுபவர்கள் பின்கோட்டில் நிற்கிறார்கள். திருப்பி அடிக்கும் பந்து தரையில் விழும் வரை அவர்கள் முன்னேற முடியாது. எதிரணிக்கு அந்தத் தடை இல்லை. பந்தை ஆழமாகத் திருப்பிவிட்டு நேராகக் கிச்சன் கோட்டுக்கு வந்து நின்றுவிடலாம். ஆக, மூன்றாவது அடியை அடிக்க வேண்டிய நேரத்தில் சர்வீஸ் அணி பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது, எதிரணி இருவரும் வலையருகே சுவர் போல் நிற்கிறார்கள்.

பூப்பந்துக்காரர் இங்கே என்ன செய்கிறார்? ஓங்கி அடிக்கிறார். பந்து வேகமாகப் போகிறது, வலையருகே நிற்பவர் மட்டையை நீட்டினால் போதும், அதே வேகத்தில் அடித்தவரின் காலடிக்குத் திரும்புகிறது. மீண்டும் ஓங்கி அடிக்கிறார். இரண்டாவது அல்லது மூன்றாவது முறை பந்து வலையில் மாட்டுகிறது, அல்லது வெளியே போகிறது.

இந்த இடத்தில் தேவைப்படுவது ‘டிராப்’. பின்கோட்டிலிருந்து பந்தை மெதுவாகத் தூக்கி, வலையைத் தாண்டியதும் எதிராளியின் கிச்சனுக்குள் இறங்கும்படி விடுவது. அப்படி இறங்கும் பந்தை அவர்கள் மேலிருந்து அறைய முடியாது. கீழிருந்து மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். அந்த இடைவெளியில் சர்வீஸ் அணி முன்னேறிக் கிச்சன் கோட்டைப் பிடித்துவிடலாம். புள்ளியை முடிக்கும் அடி என்று இதைச் சொல்ல முடியாது. இழந்த இடத்தைத் திரும்பப் பெறும் அடி இது. பூப்பந்தில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லாததால்தான் நம்மவர்களுக்கு இது கைவர நாளாகிறது.

டிராப் அடிக்கும்போது மணிக்கட்டு அசையக் கூடாது. தோளிலிருந்து கை ஊசல் போல் ஆட வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், பந்து உடலுக்கு முன்னால் படவேண்டும். பந்தின் உச்சி வலைக்கு நம் பக்கத்திலேயே இருக்கட்டும். வலையைத் தாண்டும்போது அது இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். வலையைத் தாண்டிய பிறகு உச்சிக்குப் போகும் பந்து எதிராளிக்குப் போட்ட விருந்து.

இறகையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாக நினைப்பது அடுத்த தவறு. 2013-இல் நம் நாட்டு டான் பூன் ஹியோங் ஒரு சோதனையில் மணிக்கு 493 கிலோமீட்டர் வேகத்தில் பூப்பந்தை அடித்தார். ஆனால் இறகு காற்றில் உடனே வேகம் இழக்கும். அதனால் எவ்வளவு ஓங்கினாலும் களத்துக்குள் இறங்க வழி உண்டு. துளையிட்ட பிளாஸ்டிக் பந்து அப்படி நின்றுபோகாது. ஐந்து கிராம் இறகுக்கு மாறாக இது 22 முதல் 26.5 கிராம் எடை. இடுப்புயரத்தில் வரும் பந்தை முழு பலத்துடன் அடித்தால் பின்கோட்டைத் தாண்டும். மேல் சுழற்சி கொடுத்துத்தான் அதைக் கீழே இறக்க முடியும்.

மட்டையும் வேறு. பூப்பந்து ராக்கெட் 85 கிராம் அளவில் இருக்கும். பிக்கல்பால் மட்டை 220, 230 கிராம். நீளம் 17 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ராக்கெட்டைவிட ஏறக்குறைய பத்து அங்குலம் குட்டை. எட்டிவிடலாம் என்று கை நீட்டினால் எட்டாது. ஏறத்தாழ மூன்று மடங்கு எடையை மணிக்கட்டால் சுண்டினால் முழங்கை வலி வரும். பிடியையும் தளர்த்த வேண்டும். பத்தில் மூன்று, நான்கு பங்கு இறுக்கம் போதும் என்று பயிற்றுநர்கள் சொல்வார்கள். பயந்தவர் பிடிக்கும் இறுக்கத்தில் பிடித்தால் பந்து மட்டையிலிருந்து தெறித்து உயரும்.

குதித்து அடித்தவரின் கால்

பூப்பந்தில் பின்னாலிருந்து எகிறி ஸ்மேஷ் அடித்தவர், அந்த வேகத்திலேயே வலைக்கு ஓடிவந்து அடுத்த பந்தைப் பிடிக்க வேண்டும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிக்கல்பாலில் அந்த ஓட்டம்தான் ஆபத்து. பந்தை விழவிடாமல் அடித்துவிட்டு, அந்த அடியின் வேகத்தில் கால் கிச்சனுக்குள் போனால் புள்ளி பறிபோகும். பந்து எதிராளியின் பக்கம் விழுந்து ஆட்டம் முடிந்த பிறகு போனாலும் தவறுதான். அற்புதமாக அடித்துவிட்டு, நண்பர்கள் கைதட்டும் வேளையில் காலால் புள்ளியை இழப்பவர்களை எல்லாக் களத்திலும் பார்க்கலாம்.

இதற்கு மருந்து, கோட்டுக்குப் பின்னால் ஒரு பாதம் இடைவெளி விட்டு நிற்பது, அடிக்கும்போது எடையை முன்னங்காலில் முழுவதும் போடாமல் இருப்பது. குதிக்கவே வேண்டாம். வலை மூன்றடிதான், அதற்குக் குதிப்பது சாலையோரக் கால்வாயைத் தாண்ட ஏணி தேடுவது போல.

பிறகு ‘டிங்க்’. கிச்சன் கோட்டில் நான்கு பேரும் நிற்கும்போது, மெதுவாக, தாழ்வாக, எதிராளியின் கிச்சனுக்குள் பந்தை விடுவது. பார்ப்பவர்களுக்குக் குழந்தை விளையாட்டாகத் தெரியும். உண்மையில் இது பொறுமைச் சோதனை. நேராக விடுவதைவிடக் குறுக்காக விடுவது பாதுகாப்பு, ஏனென்றால் தூரம் அதிகம், பந்து வலையின் தாழ்வான நடுப்பகுதியைத் தாண்டுகிறது. எதிராளியை ஓரத்துக்கு இழுத்து, அடுத்த பந்தை அவருடைய காலடிக்கு விட்டால் அவர் தூக்கித்தான் தருவார். இடுப்புக்கு மேல் வரும் அந்தப் பந்துக்குத்தான் வேகம். மற்ற நேரத்தில் பொறுமை.

வேகம் கூட்டும்போதும் ஆளில்லாத இடத்தைத் தேடி ஓரக்கோட்டில் அடிக்கும் ஆசை வேண்டாம். மட்டை பிடித்த கையின் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் அடித்தால், முன்கையா பின்கையா என்று எதிராளி தடுமாறுவார். பந்து வெளியே போகும் அபாயமும் இல்லை.

இன்றைய தொழில்முறை ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் இதை மறுக்கலாம். 2007-இல் பிறந்த அன்னா லீ வாட்டர்ஸ் போன்றவர்கள் வலுவான அடியால்தான் முன்னணியில் இருக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் டிராப், டிங்க் இரண்டும் தெரிந்த பிறகு வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெதுவாக ஆடத் தெரியாதவருக்குத் தேர்வு என்று எதுவும் இல்லை, எல்லாப் பந்துக்கும் ஒரே பதில்தான். எதிராளி இரண்டே ஆட்டத்தில் அதைக் கண்டுகொள்வார்.

ஜோடி நிற்கும் விதம்

இரட்டையரில் பூப்பந்து நம்மை ஏமாற்றும் இடம் இன்னொன்று உண்டு. அங்கே தாக்கும்போது ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். கலப்பு இரட்டையர் என்றால் கேட்கவே வேண்டாம்: மனைவி வலையருகே, கணவர் பின்னால் நின்று எல்லாவற்றையும் அடிப்பார். பிக்கல்பாலில் இப்படி நின்றால் பின்னால் நிற்பவரின் காலடிக்கே பந்து வந்துகொண்டிருக்கும். இருவரும் பக்கவாட்டில், ஒரே கோட்டில், ஒன்றாக முன்னேறி ஒன்றாகப் பின்வாங்க வேண்டும். ஒருவர் வலப்பக்கம் இழுக்கப்பட்டால் மற்றவரும் அதே பக்கம் நகர வேண்டும், இடையில் கயிறு கட்டியது போல. நடுவில் வரும் பந்து, வலக்கை ஆட்டக்காரர்களின் ஜோடியில் இடப்பக்கம் நிற்பவருக்கு. அவருக்கு அது முன்கை. இதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொண்டால் களத்தில் முகம் சுளிக்க வேண்டியதில்லை. வீட்டிலும்தான்.

தலைக்கு மேல் பந்து வந்தால் பின்பக்கமாக நடக்கக் கூடாது. உடலைத் திருப்பிக்கொண்டு ஓட வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் மல்லாந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வது இந்த விளையாட்டில் அடிக்கடி கேள்விப்படும் விபத்து. தேசிய சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு விகிதம் நம் இந்தியர்களிடையேதான் அதிகம் என்பதால், மருத்துவர் உடற்பயிற்சி சொல்லிப் பலர் இதைத் தேடி வருகிறார்கள். நல்ல முடிவு. ஆனால் அவர்கள் மட்டையில் மிச்சம் பிடித்துக் காலணியில் செலவு செய்யட்டும். மெதுவோட்டக் காலணி முன்னால் ஓடுவதற்கு. பக்கவாட்டில் நகர்ந்தால் கணுக்கால் மடங்கும். கண்ணாடியும் தேவை. கிச்சன் கோட்டில் எதிரெதிரே நிற்பவர்களுக்கு இடையே 14 அடிதான், பந்து கண்ணில் பட நொடி வேண்டாம்.

ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது?

மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடையிலும் நகைக்கடையிலும் உணவகத்திலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு ஓய்வு கிடைப்பது கடை அடைத்த பிறகுதான். கடைவரிசைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் அந்த வட்டாரத்தில் ஆடத் திடல் கிடையாது. ரயில் ஏறியோ மோட்டார் சைக்கிளிலோ வேறு இடத்துக்குப் போய், நான்கு பேர் வாடகையைப் பங்கு போட்டு, வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆடினால் பெரிய விஷயம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா கடைத்தெரு ஊழியர்களின் நிலையும் இதுதான். பயிற்றுநர் கட்டணம் தனி.

அந்த ஒரு மணி நேரம் முழுவதும் ‘கேம்’ போட்டால் பழைய பழக்கங்கள்தான் உறுதிப்படும். முதல் 15 நிமிடம் குறுக்காக டிங்க் மட்டும் ஆடலாம். அடுத்த 15 நிமிடம் ஒருவர் கிச்சன் கோட்டில் நின்று பந்தைப் பின்கோட்டுக்கு அனுப்ப, மற்றவர் டிராப் மட்டும் அடிக்கலாம், பிறகு இடம் மாறலாம். மீதி அரை மணி நேரத்தில் ஆட்டம். அதிலும் ஓர் ஆட்டத்தில் மூன்றாவது அடி டிராப்பாக மட்டுமே இருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம். முதல் வாரங்களில் தோல்விதான் வரும். அதைத் தாங்க முடியாதவர்கள் ஸ்மேஷுக்குத் திரும்பிவிடுவார்கள், அதே இடத்தில் நின்றும் விடுவார்கள்.

சத்தப் பிரச்சினையையும் மறக்கக் கூடாது. வேலை முடிந்து வருபவர்களுக்குக் கிடைக்கும் நேரம் இரவுதான், குடியிருப்பாளர்கள் தூங்கும் நேரமும் அதுதான். திறந்தவெளிக் களங்களுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தால் முதலில் அடிபடுபவர்கள் கடை ஊழியர்கள்தான், பகலில் நேரம் உள்ளவர்கள் இல்லை. மென்மையாக ஆடினால் சத்தம் குறையும் என்பது உண்மையே என்றாலும், அதை வைத்து அண்டை வீட்டாரைச் சமாதானப்படுத்த முடியாது. வீடுகளுக்கு எட்டாத, சுவர் சூழ்ந்த மண்டபங்கள் தேவை.

இங்கேதான் நம் கையில் ஏற்கெனவே இருப்பதைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2025-இல் தொடங்கிய உலக பிக்கல்பால் லீக்கில் சென்னை அணியை நடிகை சமந்தாவும், பெங்களூரு அணியை இயக்குநர் அட்லியும் வாங்கினார்கள். அங்கே சினிமாப் பணம் விளையாட்டைத் தூக்கிவிடுகிறது. நம் சமூகத்தில் அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகளின் மண்டபத்திலும் சபைகூடும் இடத்திலும் பூப்பந்துக் கோடு போட்டிருக்கிறது. தோட்டப்புறங்களிலும் தாமான்களிலும் சிமெண்டுக் களங்கள் சும்மா கிடக்கின்றன. வெளிக்கோடுகள் அப்படியே பொருந்தும். பூப்பந்தின் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடி, கிச்சன் கோடு ஏழு அடி. அரை அடி தள்ளி ஒரு டேப் ஒட்டினால் போதும். நடுக்கோடு ஏற்கெனவே இருக்கிறது.

புதிய வலையும் உடனே தேவையில்லை. பூப்பந்து வலையின் ஆழம் இரண்டரை அடி. அதன் மேல் விளிம்பை அதே கம்பத்தில் 36 அங்குல உயரத்தில் இறக்கிக் கட்டினால், கீழ் விளிம்பு தரைக்கு அரை அடி மேலே தொங்கும். கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிட்டால் நடுவில் தேவையான இரண்டு அங்குலம் தானாகவே தாழும்.